குளத்துச் சிம்மும் வீட்டுச் சிம்மும்

மார்கழி 12, வியாழன்

விடியற்காலையில் இருந்து மழை. குளம் 26 அடி 4 அங்குலம். வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற துருசு மூடியாயிற்று. சீனி முடிந்துவிட்டது, வெறும் தேத்தண்ணி.

புதுப் போனுக்கு இன்றோடு ஒரு மாதம். வவுனியாவில் மனைவி சாந்தி பார்த்து வாங்கித் தந்தது. இரண்டு சிம். சிம் 1 வீடு: சாந்தி, மகள், பல் வைத்தியர். சிம் 2 குளம்: நீர்ப்பாசனக் கந்தோர், இன்ஜினியர், வயல் செய்கிற கமக்காரரின் அமைப்பு, தண்ணீர் கேட்டுத் திட்டுகிற மற்ற எல்லாரும். வீட்டு இலக்கத்தைக் கமக்காரர் ஒருவருக்கும் கொடுப்பதில்லை என்று சாந்தியிடம் சத்தியம். "அவை அதிலையும் கோல் எடுக்கத் தொடங்கினால் நான் போனைக் கிணத்துக்குள்ள போடுவன்" என்றாள். செய்யக்கூடியவள்தான்.

இன்று சிம் 2: பதினேழு அழைப்பு. அதில் ஐந்து யோகம் அக்கா. வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது. வெயில்காலச் சிறுபோகத்தில் தண்ணீர் வரவில்லை என்று கோல் எடுப்பார், மாரிக் காலபோகத்தில் தண்ணீர் வடியவில்லை என்று கோல் எடுப்பார். இன்றைக்கு: "தம்பி, நீங்கள் குளத்தைப் பாக்கிறியளோ, குளம் உங்களைப் பாக்குதோ?" அளவுகோலைப் பார்க்க எழும்பிப் போனேன்.

மார்கழி 13, வெள்ளி

மழை. 27 அடி 9. ஒரே நாளில் ஏறக்குறைய ஒன்றரை அடி.

குளக்கட்டில் ஏறி நின்று பார்த்தேன். எதிர்க்கரை தெரியவில்லை. பதினொரு வருடமாக நான் பொறுப்பாக இருந்து அளக்கிற குளம், இன்று அளக்கவே கை கூசியது. பட்ட மரங்களின் நுனி மட்டும் வெளியே, ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம். இவ்வளவு தண்ணீரும் இதுவரை எங்கே இருந்தது?

இன்ஜினியர், சிம் 2இல்: "இருபத்தொன்பதரை வந்தால் என்னைக் கேட்டுக்கொண்டு நிக்காதேங்கோ. கீழ ஆக்கள் இல்லை எண்டு பாத்திட்டு வான்கதவைத் திறவுங்கோ. முப்பது தாண்டினால் கட்டுக்கு ஆபத்து."

செய்ய: மேலதிகத் தண்ணீரை வெளியே விடுகிற வான்கதவின் சங்கிலிக்கு கிறீஸ். டோர்ச் பற்றரி. ஞாயிறு வீட்டுக்கு வர முடியாது என்று சாந்திக்குச் சொல்ல வேண்டும். (சொல்லவில்லை.)

மார்கழி 14, சனி

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் மழை விட்டது. வெயில் கூட. ஆனால் மேலே காட்டில் பெய்தது வந்துகொண்டே இருந்தது. மதியம் 29 அடி 2. ஒரு மணி போல சிம் 2 செத்தது. கோபுரத்துக்குக் கரண்ட் போனதோ என்னவோ, "சேவை இல்லை". சிம் 1 வேறு கம்பனி, அதில் இரண்டு கோடு.

இரண்டு மணிக்கு 29 அடி 5. வான் தண்ணீர் ஓடுகிற இடத்தைக் கடக்கிற தாழ்ந்த பாதையான தாம்போதிக்கு அப்பால் வயல்களில் புள்ளி புள்ளியாகச் சனம். வெயிலைக் கண்டதும் வரம்பு வெட்டித் தண்ணீர் வடிய விடப் போயிருக்கிறார்கள். வான்கதவு திறந்தால் முதலில் மூடுவது அந்தத் தாம்போதியைத்தான். திரும்பி வர வேறு பாதை இல்லை. திறக்காவிட்டால் கட்டு உடையும். போய்ச் சொல்ல வெளிக்கிட்டேன், மோட்டார் சைக்கிள் சேற்றில் புதைந்தது. நடந்தால் ஒரு மணித்தியாலம். கதவடியில் என்னைத் தவிர ஆள் இல்லை.

கமக்காரரின் இலக்கங்கள் உள்ள பதிவேட்டை எடுத்து வீட்டுச் சிம்மில் இருந்து அடித்தேன். சத்தியம் போயிற்று. முதல் ஒன்பது இலக்கமும் செத்த கம்பனி. மற்ற ஏழிலும் மணி அடிக்கிறது, ஒருவரும் எடுக்கவில்லை. ஏன் எடுப்பார்கள்? போன மாதக் கூட்டத்தில் நான்தான் பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன்: "தெரியாத நம்பர் வந்தால் எடுக்காதேங்கோ, பரிசு விழுந்திருக்கு எண்டு ஏமாத்துவாங்கள்." நல்ல பிள்ளைகள், சொல் கேட்டிருக்கிறார்கள்.

கடைசிப் பக்கம். யோகம் அக்காவுக்கு இரண்டு இலக்கம். ஒன்று தினமும் என்னைத் திட்டுகிற இலக்கம், அதுவும் செத்த கம்பனி. மற்றது, போன வருட வெள்ள அழிவுப் படிவத்தில் அவர் எழுதியிருந்ததைப் பார்த்து நான் குறித்தது. ஒருநாளும் அடித்ததில்லை.

முதல் மணி முடிய முன்பே எடுத்துவிட்டார்.

"ஓம், சொல்லுங்கோ. நான் தாய்தான் கதைக்கிறன்."

யாரோ என்று நினைத்தேன். அவ்வளவு மெதுவான குரல்.

"அக்கா, நான் குளத்தடியில இருந்து கதைக்கிறன். வான்கதவு திறக்கோணும். எல்லாரையும் தாம்போதிக்கு இங்கால கொண்டு வாங்கோ. முக்கால் மணித்தியாலந்தான் இருக்கு."

துண்டித்துவிட்டாரோ என்று பார்த்தேன். ஒரு மூச்சு கேட்டது. பிறகு தினமும் கேட்கிற அந்தப் பழைய குரல்: "சரி தம்பி. வையுங்கோ. நான் திரும்பக் கோல் எடுக்கிறன்."

கட்டில் நின்று பார்த்தேன். ஒரு சிவப்புப் புள்ளி, அக்காவாகத்தான் இருக்கும், வரம்பு வரம்பாக ஓடுகிறது. அது போன இடமெல்லாம் மற்றப் புள்ளிகள் நிமிர்ந்து நகர்கின்றன. அறுபத்திரண்டு வயது, முழங்கால் வருத்தம் வேறு. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று ஆட்களை ஏற்றி மூன்று தரம் போய் வந்தது.

3.10க்கு அழைப்பு. "முப்பத்தொரு பேர். கடைசி நான்தான். இங்கால வந்திட்டன். திறவுங்கோ."

29 அடி 8. திறந்தேன்.

வான் பாய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இப்படி இல்லை. கட்டு முழுவதும் காலடியில் அதிர்ந்தது, பல்லுக்குள்ளும் அதிர்ந்தது. பத்து நிமிடத்தில் தாம்போதி இல்லை. சனம் நின்ற வயல்களும் இல்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறேன், தூவானம் உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

மார்கழி 15, ஞாயிறு

28 அடி. சிம் 2 இன்னும் இல்லை. சிம் 1 விடாமல் அடிக்கிறது.

"இந்த நம்பரில இருந்து ஆர் கோல் எடுத்தது?"

"நான்தான், குளத்தடி."

"ஐயோ சேர், கள்ளர் எண்டு நினைச்சம்."

சாந்திக்குப் பயந்து பயந்து சொன்னேன். முழுவதும் கேட்டாள். "கிணறும் நிரம்பி நிக்குது, போட இடமில்லை. இருக்கட்டும்" என்றாள்.

மார்கழி 17, செவ்வாய்

வெயில். 27 அடி 1. பல் குத்துகிறது.

யோகம் அக்கா கந்தோருக்கு வந்தார், அழிவுப் படிவம் நிரப்ப. தொலைபேசி என்ற இடத்தில் அந்த இரண்டாவது இலக்கத்தை யோசிக்காமல் எழுதினார். தெரியாத நம்பரை எப்படி ஒரு மணியிலேயே எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

இடுப்பில் இருந்து போனை எடுத்தார். பொலித்தீன் பையில் சுற்றி, றப்பர் பாண்ட் போட்டு.

"இதுக்குள்ளயும் ரெண்டு சிம் தம்பி. வயல் கதையெல்லாம் ஒண்டில. மற்றது யுத்தம் முடிஞ்சு முகாமில இருக்கேக்க வாங்கினது. மகனைக் காணேல்லை எண்டு குடுத்த எல்லாப் பேப்பரிலையும் அந்த நம்பர்தான் இருக்கு. எத்தினை விசாரணை, எத்தினை கந்தோர். தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் அதுக்குக் கோல் எடுக்கிறேல்லை. தெரியாத நம்பர் எண்டாத்தான் நான் எடுக்கோணும்."

பதினைந்து வருடம். சனிக்கிழமை அது அடித்திருக்கிறது. நான் தாய்தான் என்று சொல்லி எடுத்தால், மறுமுனையில் நான். அந்த ஒரு மூச்சில் எதை இறக்கி வைத்துவிட்டு இந்த மனுசி மற்றவர்களின் பிள்ளைகளுக்காக ஓடியிருக்கிறார். அந்தக் குளத்துக்கு முன்னால் கூட நான் இவ்வளவு சிறியவனாக நிற்கவில்லை. என்னை அறியாமல் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"அதுக்கென்ன. முப்பத்தொரு உயிர் எல்லே." கையெழுத்து வைத்தார். வாசலில் நின்று திரும்பினார். "ஆனால் தம்பி, இனி அந்த நம்பருக்குக் கோல் எடுக்காதேங்கோ. நீங்கள் கதைச்சுக்கொண்டிருக்கேக்க அவன் கோல் எடுத்தால்?"

பதிவேட்டிலிருந்தும் போனிலிருந்தும் அந்த இலக்கத்தை அழித்துவிட்டேன்.