எந்த நிலையில்?

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் நாளிதழின் ஞாயிறு பக்கத்துக்கு நான் எழுதிய முதல் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. நான்கு இடங்களில் சிவப்பு வட்டம். நான்கிலும் ஒரே சொல்: இந்நிலையில்.

பக்கத்தைப் பார்க்கும் அக்கா என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். "ஏம்மா, இது கல்யாணக் கதையா, சட்டசபைச் செய்தியா?" என்றார். மேசைக்கு மேசை சிரிப்பு. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

வெள்ளிக்குள் திருத்திக் கொடுத்து, அது தேறினால், அந்தப் பக்கத்தில் காலியாக இருக்கும் இடம் எனக்கு. இல்லையென்றால் பழையபடி மின்தடை அறிவிப்பு, காணாமல்போன பூனை.

ஜூன் 4, புதன்

தங்கையிடம் சொன்னது தப்பு. காலையில் குளியலறைக் கதவைத் தட்டி, செய்தி வாசிக்கும் குரலில்: "அக்கா அரை மணி நேரமா உள்ளயே இருக்கா. இந்நிலையில், தங்கைக்கு காலேஜுக்கு நேரமாச்சு!" அம்மாவும் விடவில்லை. "பால் பொங்கிடுச்சு. இந்நிலையில், இந்த வீட்ல ஒருத்தரும் அடுப்பை அணைக்கலை."

ஆபீஸில் 'இதற்கிடையே' போட்டுப் பார்த்தேன். 'இச்சூழலில்' போட்டேன். சட்டைதான் மாறியது, ஆள் அதே ஆள்.

முதல் வட்டம் விழுந்த இடம்: "கணவர் இறந்த பின் ஒன்பது ஆண்டுகள் தனியாக வாழ்ந்தார் தையல்காரம்மா. இந்நிலையில், எதிர்க்கடைக் கடிகாரக்காரரைத் திருமணம் செய்துகொண்டார்."

எந்த நிலையில்? — எனக்கே தெரியாதே! மற்ற மூன்றையும் பார்த்தேன். அங்கேயும் அதே திருட்டுத்தனம். எங்கெல்லாம் கேட்கக் கூச்சப்பட்டேனோ, அங்கெல்லாம் இந்தச் சொல்லைப் போட்டு மூடியிருக்கிறேன். புத்தகம் படிக்கும்போது யார் மனசுக்குள்ளும் தயங்காமல் போகிற எனக்கு, நேரில் "ஏன்?" என்று கேட்க மட்டும் வாய் வராது.

நாளைக்குத் தையல்கடைக்குப் போக வேண்டும். போவேனா?

ஜூன் 5, வியாழன்

போனேன். கேட்டேன். "நடுவுல என்னம்மா நடந்துச்சு?" காதெல்லாம் சுட்டது.

தையல் மெஷின் நின்றது. "அப்பாடா! போன தடவையே நீ கேப்பேன்னு பாத்தேன்." சுவர்க் கடிகாரத்தைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "அது நல்லாத்தான் ஓடுச்சு. ஓடலைன்னு சொல்லி அவர்கிட்ட குடுத்தேன். மூணு தடவை."

பின்னாலிருந்து ஒரு குரல். கடிகாரக்காரர், கையில் டீயோடு. "மூடியைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. அதான் ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் வச்சுக்கிட்டேன்."

"அட மனுஷா! தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன?"

கல்யாணமாகி இரண்டு வருஷம் — ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிக்கொள்ளவே இல்லையாம்! தையல்காரம்மா சிரித்துச் சிரித்து, அளவு நாடாவாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் குறிப்பெடுக்க மறந்தே போனேன்.

பழைய பிரதியை வாசித்துக் காட்டி, 'இந்நிலையில்' எல்லாவற்றையும் எடுக்கப் போவதாகச் சொன்னேன். தையல்காரம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "எடுத்துடாதேடி. பெரிய மனுஷங்க செய்தியிலெல்லாம் வர்ற வார்த்தை. இந்த வயசுல இது தேவையான்னு கேட்டவங்க அதைப் படிக்கட்டும். ஒண்ணாவது விடு."

ஜூன் 6, வெள்ளி

மூன்றை எடுத்தேன், ஒன்றை மட்டும் புதிதாக எழுதிய கடிகார வரிக்கு மாற்றி வைத்தேன். கொடுத்தாகிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

வந்துவிட்டது! அந்த வரியும் அப்படியே:

"கடிகாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இந்நிலையில், அதைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்."

பிரதியின் ஓரத்தில் அக்கா பச்சை மையில் எழுதியிருந்தாராம்: "இது இருக்கட்டும். சத்தமா சிரிச்சுட்டேன்." அச்சுப் பிரிவில் இருப்பவர் சொன்னார்.

மாலை கடைப்பக்கம் நடந்தேன். கண்ணாடிக் கதவில் கட்டுரையை ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குக் கீழே மட்டும், துணிக்குக் குறி போடும் நீலச் சாக்பீஸால் கோடு.

ஜூன் 9, திங்கள்

ஞாயிறு பக்கத்தின் மேசை இனி எனக்கு. நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது. காகிதம் மடித்து முட்டுக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே தங்கை: "அக்கா வந்துட்டா. இந்நிலையில், தானா சிரிச்சுக்கிட்டிருக்கா."

"ஏன்னு கேளுடி," என்றேன்.

கேட்டாள். எதையும் விடாமல் சொன்னேன்.