வெற்றிடத்துக்குப் பதில் ராக்கெட்

4 அக்டோபர் 2025, சனி
பூனாவிலிருந்து லீவில் வந்த பேத்தி ஹெலன், மாமல்லபுரம் கூட்டிப்போனாள். ஐந்து வருஷமாக அங்கே என்னதான் படிக்கிறாய் என்றேன். அலை விட்டுப்போன நுரையை அள்ளிக் காட்டினாள். வானமும் இப்படி ஒரு நுரைதானாம். அதன் தோலில்தான் நட்சத்திரக் கூட்டங்கள் நெருக்கியடித்துக் கிடக்குமாம். குமிழிக்குள்ளே வெற்றிடம். அதற்குள்ளும் சிறிசாகச் சில கூட்டங்கள் உண்டாகுமாம். நெரிசலில் இருப்பவை சீக்கிரம் ஓய்ந்துபோக, இவை மெதுவாகப் புது நட்சத்திரம் செய்துகொண்டே இருக்குமாம். அதுகளைப் பற்றி இவள் எழுதியது அச்சில் வந்திருக்கிறது. "நாளைக்கு சர்ச்ல இதுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை போடு ஆயா" என்றாள்.

5, ஞாயிறு
காணிக்கைக் கவர்மேல் காரணம் எழுதவேண்டும். போதகர் எல்லார் முன்னாலும் வாசிப்பார். முன் பெஞ்சில் என் ஓரகத்தி சகுந்தலா. போன மாதம் அவள் பேரன் அபிஷேக் ஜெர்மனி போனதற்கு வாசித்தபோது திரும்பி என்னைப் பார்த்தாளே, அந்தப் பார்வை! என் கல்யாணப் புடவையைச் சாயம் போகும் என்றவள். வெற்றிடம் என்று எழுதினால் சிரிக்கமாட்டாளா?

'பேத்திக்கு ராக்கெட் ஆபீசில் வேலை கிடைத்ததற்காக.' எழுதிவிட்டேன்.

வாசித்தார். எல்லாரும் திரும்பினார்கள். ஹெலன் என் கையை விட்டுவிட்டாள்.

வாசலில் சகுந்தலா பிடித்துக்கொண்டாள். "இன்னாடி ஹெலனு, ராக்கெட்டு எப்ப வுடப்போற? சொல்லிடு, அன்னிக்கு மாடில துணி காயப்போட மாட்டேன்."

"ராக்கெட்லாம் இல்ல பெரியாயா. எங்க ஆயா பொய் எழுதிகீது."

மூஞ்சியை எங்கே வைப்பது?

6, திங்கள்
ஹெலன் என்னோடு பேசமாட்டேன் என்கிறாள்.

7, செவ்வாய்
ரயிலுக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "நம்ம வூட்ல மொதமொதல்ல அச்சுல வந்த பேரு ஆயா. சொல்லிக்க வெக்கமா பூட்ச்சா ஒனக்கு?"

யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஐம்பது வருஷமாக மனசில் வைத்திருக்கிறேன். இதையும் வைத்துக்கொள்ளவேண்டியதுதான். ஆனால் இதைச் சொல்லவைத்தது நான்தானே.

12, ஞாயிறு
சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். "போன வாரம் நான் எழுதினது பொய்" என்றேன். ஹெலன் எழுதியது அச்சில் வந்ததையும் நுரையைப் பற்றியும் சொன்னேன். "நடுவுல ஒண்ணே ஒண்ணு தனியா கெடக்கும்" என்றேன்.

"இருட்டுல தனியா இன்னா பண்ணும்?" — சகுந்தலாதான், உட்கார்ந்தபடியே. எல்லாரும் சிரித்தார்கள்.

"புடுங்கிக்க பக்கத்துல யாரும் இல்ல. கைல கீறத வச்சிகினு மெதுவா நட்சத்திரம் பண்ணிகினு கெடக்கும்."

உட்கார்ந்தேன்.

14, செவ்வாய்
மகன் கலைவாணன் போனை நீட்டினான். ஹெலன். நான் பேசியதைச் சகுந்தலா படம் பிடித்து அவளுக்கு அனுப்பியிருக்கிறாள் — கேலிக்குத்தான், வேறெதற்கு?

"தப்பா சொல்லிகீற ஆயா," என்றாள். "ஒண்ணே ஒண்ணு இல்ல. தூரம் தூரமா இன்னும் சிலது கீது. ஒக்காரு, மொதல்லேர்ந்து சொல்றேன்."

உட்கார்ந்தேன்.