அம்மாவின் கையெழுத்தில் ஒரு நடைவண்டி

நவம்பர் 3, திங்கள்
காலையிலிருந்து தூறல். கடைக்கு நனைந்துகொண்டே போனேன். சூட்டுப் பேனாவால் மரத்தில் இன்று எழுதியவை: கல்யாண ஜோடி பெயர் இரண்டு, ரிடையர்டு வாத்தியாருக்கு ஒரு கேடயம், 'பெஸ்ட் டாடி' சாவிக்கொத்து ஆறு. விரல் நுனியில் மறுபடியும் கொப்புளம்.

தங்கை சுதாவின் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை முதல் பிறந்தநாள். யாரையும் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு அவள் வெள்ளிமலைக்குப் போய் இரண்டு வருடம். நான் மட்டும் போனில் பேசுவேன். அம்மா பேசுவதில்லை. குழந்தையையும் பார்த்ததில்லை.

ஒரு நடைவண்டி எடுத்துவைத்தேன். வேப்பமரம்.

நவ. 4, செவ்வாய்
மழை இல்லை. வெளிச்சமும் இல்லை. சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "சுதா புள்ளைக்கு..."

"எந்த சுதா?" என்றாள் அம்மா, ரசம் ஊற்றிக்கொண்டே.

நவ. 5, புதன்
கைப்பிடிக் கட்டையில் 'யாழினி'. பக்கத்தில் ஒரு வாத்து. கட்டையின் அடிப்பக்கம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் அந்த யோசனை.

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது அம்மா போன் நம்பர் எழுதிவைக்கும் நோட்டை எடுத்து வந்தேன். அன்பழகன் மெக்கானிக்கிலிருந்து 'அன்'. புஷ்பாவிலிருந்து 'பு'. டெய்லரிலிருந்து 'ட'. சின்னம்மாவிலிருந்து 'ம்மா'. ஒவ்வொன்றாகப் படியெடுத்து, கார்பன் வைத்து மரத்தில் பதித்து, அதன்மேல் சூடு.

அன்புடன் அம்மா.

அம்மாவின் புள்ளி எழுத்துக்கு நேர் மேலே இருக்காது, வலப்பக்கம் தள்ளி நிற்கும். அதையும் அப்படியே. கை நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நவ. 9, ஞாயிறு
வெள்ளிமலை பஸ். மடியில் நடைவண்டி. "புள்ளய வுட்டுட்டு வண்டிய மட்டும் இட்டுக்கினு போறியாம்மா?" என்றார் கண்டக்டர். மேலே ஒரே மூட்டம். சுதா இளைத்திருக்கிறாள். வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா எழுத்துக்கா. புள்ளியப் பாரு."

"ம்."

"எம்மேல கோவம் போயிடுச்சாக்கா?"

அதற்கும் 'ம்'தான். குழந்தை கட்டையைப் பிடித்து இரண்டடி வைத்தது. கேக் கொடுத்தாள். தட்டிலேயே வைத்துவிட்டேன்.

நவ. 10, திங்கள்
சாயங்காலம் அம்மாவின் போன் அடித்தது. நான் பக்கத்தில். சுதாவின் குரல் எனக்கே கேட்டது. "அம்மா, நான்தாம்மா. வண்டி வந்துச்சும்மா. அதுல நீ எழுதனது..."

அம்மா என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ராங் நம்பருங்க."

வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். பெற்ற மகளுக்கு ஒரு 'ங்க'. நோட்டைப் பற்றி என்னை எதுவும் கேட்கவில்லை. சமையலறையில் குழாய் வெகுநேரம் திறந்தே கிடந்தது.

நவ. 11, செவ்வாய்
நல்ல மழை. கடையில் இருக்கும்போது சுதாவின் போன்.

"அது யாருக்கா எழுதனது?"

"நான்தான்."

அவள் பக்கம் சக்கரம் உருளும் சத்தம் மட்டும்.

"பேரு இருக்கட்டும். புள்ள அதப் புடிச்சிக்கினுதான் நடக்குது. அடியில இருக்கறத மட்டும் அழிச்சிடு. வரும்போது உப்புத்தாள் எடுத்துக்கினு வா."

சொரசொரப்பான தாளாக இரண்டு எடுத்துவைத்தேன். அழுத்தித்தான் சூடு வைத்திருக்கிறேன்.