பதவிக்கு ஆசைப்பட்டவளுக்கு

இன்று காலை தொம்மலூர் கிளை நூலகத்தைத் திறந்ததும் மேசைமேல் ஒரு கவர் கிடந்தது. உள்ளே நம் நூலகர் சங்கத்தின் ஆண்டுக் கூட்ட அழைப்பிதழ். அச்சு மையின் வாடை இன்னும் போகவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது. கடைசிப் பக்கத்தில் உன் போட்டோ. ஒரு காது மட்டும் தெரியும் அந்தப் பாஸ்போர்ட் போட்டோதான். பார்க்கும்போதெல்லாம் "பஸ்ல பர்ஸ் அடிச்சு மாட்டினவ மாதிரி இருக்கேன்டி" என்பாயே, அதே. கீழே கொட்டை எழுத்தில், பதவியை நாடாத பண்பாளர் நினைவுக் கதை அரங்கம். நேரம், காலை பத்தரை. இடம், ஹாலுக்குப் பக்கத்து அறை. கதை சொல்பவர், நான்.

தேர்தல் எத்தனை மணிக்கு என்று திருப்பிப் பார்த்தேன். அதுவும் பத்தரைதான்.

கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும் என்று உனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பதவியை நாடாதவளாம். யார், நீயா?

நம் சங்கத்தில் குழந்தைகள் பிரிவு நூலகர் என்றால் பாதி நூலகர், பாதி ஆயா. ஆண்டுக் கூட்டத்தில் சாப்பாடு பிரமாதமாக இருக்கும் என்பதால் உறுப்பினர்கள் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். வந்த பிள்ளைகளை யார் தலையில் கட்டுவது? பக்கத்து அறையைத் திறந்துவிட்டு நம்மைக் கூப்பிடுவார்கள். ஹாலில் கை தூக்கி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் நீ நரியாக இருப்பாய், நான் உடல்வாகுக்கு ஏற்றபடி கரடியாகவோ புலியாகவோ இருப்பேன். வேர்த்து வழிந்து வெளியே வந்தால் பழைய செயலாளரே புதுச் செயலாளராகியிருப்பார். நாம் பாயசத்துக்கு வரிசையில் நிற்போம். வருஷக் கணக்கில் இது நமக்கு விசித்திரமாகவே படவில்லை பார், அதைச் சொல்.

உனக்குத்தான் முதலில் பட்டது. பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் உன் வாசகசாலைக்கு வரும் பிள்ளைகளின் அப்பா லேத்தில் இருப்பார், அம்மா பேக்கிங்கில் இருப்பாள். இருந்த புத்தகங்களில் பாதிக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. முடிவை நீயே சொல்வாய், ஆளுக்கு ஒரு முடிவாக. கதைப் புத்தகம் வேண்டும் என்று எழுதி எழுதிக் கேட்டதற்கு ஒரு மூட்டை வந்தது. பிரித்தால் பட்டுப்புழு வளர்ப்பு. எல்லாப் பிரதியும் பட்டுப்புழு வளர்ப்பு. நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. எந்தக் கிளைக்கு எந்தப் புத்தகம் என்று முடிவு செய்யும் குழுவில் சங்கச் செயலாளருக்கு ஒரு நாற்காலி உண்டு என்று அன்றுதான் எனக்குச் சொன்னாய்.

"அந்த நாற்காலியில நான் உக்காரணும்" என்றாய்.

அந்த நாற்காலியில் இருந்தவருக்கு நீ வைத்த பெயர் சால்வை. யார் எதிர்த்துப் பேசினாலும் அடுத்த கூட்டத்தில் அவர்களுக்குச் சால்வை போர்த்தி வாயை மூடிவிடுவார். தமிழர்தான், தாத்தா காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து பெங்களூரில் ஊன்றிய குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் நழுவி இங்கிலீஷில் முடித்துவிடுவார். எந்த பாஷையில் மாட்டேன் என்றார் என்றே பிடிபடாது.

நீ ஓட்டுக் கேட்கப் போன அழகை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. மற்றவர்கள் எல்லாம் தொண்டு, கடமை, உறுப்பினர் நலன் என்று ஆரம்பிப்பார்கள். நீ ஒவ்வொரு கிளையிலும் மேசைக்கு முன்னால் போய் நின்று, எனக்கு இந்தப் பதவி வேண்டும், ஓட்டுப் போடுங்கள் என்றாய். கேட்டவர்கள், ஒரு பெண்பிள்ளை தெருவில் விசில் அடித்த மாதிரி பார்த்தார்கள். ஒருவர் கன்னடத்தில், "நிமகே யாக்கே மேடம் இதெல்லா?" என்று பரிதாபப்பட்டார். உனக்கு எதற்காம். எங்கள் தொம்மலூரிலேயே ஒரு சீனியர், "சேவை செய்யணும்னுதானேம்மா?" என்று எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று சொல் என்று நான் உன் முழங்கையை இடித்தேன்.

"சேவை இப்பவே செய்யறேன் சார். பதவிதான் இல்ல" என்றாய்.

அந்த வருஷம் தேர்தல் நாளன்று சால்வையே பக்கத்து அறைக்கு வந்தார். பிள்ளைகள் சத்தம் தாங்கவில்லை, ஆரம்பித்துவிடுங்கள், ஓட்டெடுப்புக்கு முன்னால் நானே வந்து கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிட்டார், சாப்பாட்டுக்கு. நீ தோற்ற செய்தி வந்தபோது நான் புலி முகமூடியோடு இருந்தேன். முகமூடிக்குள் அழுதால் எப்படிப் புழுங்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் நீ என்னிடம்கூடச் சொல்லவில்லை. வழக்கம்போல் கதையை ஆரம்பித்தாய். ஒரு ராஜா, அவனிடம் ஒரு பூட்டிய பெட்டி, யாரையும் திறக்க விடமாட்டான். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. எனக்கே உள்ளே என்ன என்று தெரிய வேண்டியிருந்தது. கடைசியில் பூட்டை உடைக்கும் இடத்தில் நிறுத்தினாய். "பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு உங்க அப்பா அம்மாவுக்குத்தான் தெரியும். போய்க் கேளுங்க" என்று சொல்லி ஹால் கதவைத் திறந்துவிட்டாய்.

அன்றைக்கு நான் சிரித்த மாதிரி அதற்கப்புறம் சிரித்ததில்லை. மேடையில் தீர்மானம் ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் நாற்காலி நாற்காலியாக ஏறி அப்பன்களின் சட்டையைப் பிடித்து இழுக்கின்றன. பின்னாலேயே நாம் எல்லோரும், குழந்தைகள் பிரிவு மொத்தமும், நரி மூக்கோடும் கரடிக் காதோடும் போய் உட்கார்ந்தோம். செயலாளர் பதவிக்கு உன் பெயரைச் சொல்லிக் கை தூக்கச் சொன்னதும் பிள்ளைகளும் சேர்ந்து தூக்கின. எண்ணவே முடியவில்லை. சால்வையின் மகள் மேடைக்கே ஏறி அவர் மடியில் உட்கார்ந்துவிட்டது. மைக் திறந்திருந்தது.

"அப்பா, பெட்டிக்குள்ள என்ன?"

"ஒண்ணும் இல்லம்மா, போ."

"ஒண்ணும் இல்லைன்னா ஏன் பூட்டி வெச்சாங்க?"

ஹால் முழுக்கக் கேட்டது. நீ முகத்தை வைத்துக்கொண்டிருந்த விதம், ஏதோ உபன்யாசம் கேட்பது போல. இனி சீட்டில் எழுதி ஓட்டெடுங்கள் என்று எழுந்து கேட்டாய். பலர் சரிதான் என்றார்கள். சால்வை தண்ணீர் குடித்தார். கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்றார்.

எந்த நேரத்துக்கு ஒத்திவைத்தார் என்பதில்தான் இருக்கிறது அந்த மனிதரின் மூளை. ஒரு வேலைநாளில், மாலை நான்கு மணிக்கு. நீ கேட்டபடியே சீட்டு, பெட்டி எல்லாம் உண்டு. மற்றப் பிரிவுக்காரர்கள் அந்த நேரத்தில் யாரிடமாவது சொல்லிவிட்டு வந்துவிடலாம். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் நம்மிடம் வரும் நேரமே அதுதான். நான் கூசாமல் கிளையைப் பூட்டி, வயிற்றுவலி என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போனேன். உன்னையும் பூட்டச் சொன்னேன். போனில் கெஞ்சினேன், பிறகு திட்டினேன்.

"அம்மாங்க ஷிப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும் இதுங்க எங்கடி நிக்கும்? ஓசூர் ரோட்லயா?" என்றாய்.

லாரிகள் போகும் அந்த ரோட்டை எனக்கும் தெரியும். போனை வைத்துவிட்டேன். நம்மவர்களில் இன்னும் சிலருக்கும் அதே கதி. கடைசிப் பிள்ளையை அதன் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு நீ பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது எண்ணிக்கை முடிந்திருந்தது. நீ தோற்றதில் பெரிய வித்தியாசம் இல்லை, அதுதான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது. சமோசாகூட மிச்சமில்லை. மழையில் நனைந்த புடவையோடு காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாய். சால்வை வந்து ரொம்பப் பொறுப்பானவம்மா நீ என்று பாராட்டினார். பாராட்டாமல் என்ன செய்வார்? அந்தப் பொறுப்பை நம்பித்தானே நேரம் குறித்தார். நீ பூட்ட மாட்டாய் என்பதுதான் அவர் பிரசாரம். உன் நல்ல குணமே அவருக்குத்தான் ஓட்டுப் போட்டது.

பிறகு நீ நிற்கவில்லை. முதலில் அலுப்பு என்றாய், பிறகு உடம்பு என்றாய், அதுவும் உண்மையாகவே ஆகிவிட்டது. போன வருஷம் உன் இரங்கல் கூட்டத்தில் சால்வைதான் முதலில் பேசினார். தாயுள்ளம் என்றார். பதவி தேடி வந்தும் வேண்டாம் என்றவர் என்றார். என் காதால் கேட்டேன். பேசி முடித்துவிட்டு உன் போட்டோவுக்கு ஒரு சால்வை போர்த்தினார். செத்தவளுக்கும் சால்வை. எல்லோரும் கைதட்டினார்கள். பத்திரிகைக்கு ஜோக் எழுதுகிறவள் என்று என்னைக் கடைசியில் பேச விட்டார்கள், சிரிக்க வைத்து அனுப்புவேன் என்று. மைக்கைப் பிடித்தேன், உன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

நீ ஆசைப்பட்டாய். தெருத்தெருவாக, பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி ஆசைப்பட்டாய். தோற்றதை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். உன் ஆசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தாயுள்ளத்தை வைக்க இவர்கள் யார்? பொம்மசந்திராவுக்கு இன்றைக்கும் கதைப் புத்தகம் போகவில்லை. போன மாதம் போய்ப் பார்த்தேன். ஓசூர் ரோடு நெடுக மேம்பாலத்துக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். உன் அலமாரியில் பட்டுப்புழு அப்படியே இருக்கிறது.

இதை எழுதுவதற்கு நடுவில் சால்வைக்குப் போன் செய்தேன். செயலாளர் பதவிக்கு நான் நிற்கிறேன் என்றேன். உங்க ஜோக்கே ஜோக்கு மேடம் என்று ரசித்துச் சிரித்தார். நம்மவர்கள் எல்லோரிடமும் பேசிவிட்டேன், ஒருத்தியும் பக்கத்து அறைக்கு வர மாட்டாள், பத்தரைக்கு எல்லோரும் ஹாலில் இருப்போம் என்றதும் சிரிப்பு நின்றது.

"அப்ப பிள்ளைகளுக்குக் கதை யார் சொல்றது?"

"நீங்க சொல்லுங்க சார். புலி முகமூடி என்கிட்ட இருக்கு, அனுப்பி வைக்கறேன். லாஸ்டிக் கொஞ்சம் லூஸ்."

பிறகு குரலைத் தாழ்த்தி, உங்களுக்கு எதுக்கு மேடம் இந்த வயசில், சேவை செய்யணும்னா வேற எத்தனையோ வழி இருக்கே என்றார்.

"சேவை இப்பவே செய்யறேன் சார்" என்றேன்.

நீ அன்று சொன்னதில் மீதிப் பாதியை அவரிடம் சொல்லவில்லை. ஹாலில் மைக்கைப் பிடித்துச் சொல்வதற்கு வைத்திருக்கிறேன்.