என்னைத்தான் சொன்னாயாமே

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. இங்கு சுகத்துக்குக் குறைவில்லை. அம்மாவின் முழங்கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. அதற்கும் சேர்த்து நான் கேட்டுக்கொள்கிறேன். வெல்டிங் பட்டறையில் வேலை நிறைய. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் கம்பிகள் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆறு வருடமாக உனக்கு வந்த கடிதம் எல்லாம் அம்மா எழுதியவை. "அப்பாவும் விசாரித்தார்" என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பாள். நான் விசாரித்ததே இல்லை. ஒரே மகள் கன்னியர் மடத்துக்குப் போகிறேன் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் மனதைக் கலைத்தது யார் என்று தேடினேன். அம்மாவின் ஜெபமாலையைக் குறை சொன்னேன். பங்குச் சாமியாரையும் விடவில்லை. கோவில் கேட் உடைந்து அவர் ஆள் அனுப்பியபோது, "வேற யாரையாச்சும் பாத்துக்கச் சொல்லு" என்று திருப்பி அனுப்பினேன்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் மடம் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு வந்திருந்தேன். உனக்குத் தெரியாது. ஆயுளுக்கும் கன்னியராகவே இருப்பதாக நீ கொடுக்கப்போகும் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு உன் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அம்மாவால் பஸ் ஏற முடியவில்லை. மடத்துத் தலைவி மதர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும், உன்னைப் பார்க்கவே கூடாது என்ற வீம்போடுதான் வந்தேன்.

மதர் வரும்வரை வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். எதிர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நீ, நாற்காலியில் இருந்த ஒரு வயதான அம்மாளுக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாய். அந்த அம்மாள் உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினார். தண்ணீரை அள்ளி உன் முகத்தில் அடித்தார். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவுதானா? நேத்து இதைவிட நல்லா திட்டுனீங்களே" என்றாய்.

அது நான் உன் பெரியப்பாவிடம் சொல்வது. அதே வார்த்தை, அதே குரல்.

கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போன என் அண்ணன், சாகும்வரை பதினோரு வருடம் நம் முன்னறைக் கட்டிலில் கிடந்தாரே. தினமும் வேலைக்குப் போகுமுன் அவரைக் குளிப்பாட்டுவேன். நீ துண்டை வைத்துக்கொண்டு நிற்பாய். அதை நான் பெரிதாக நினைத்ததே இல்லை. கூடப் பிறந்தவர், வேறு யார் செய்வது?

மதர் வந்து சான்றிதழை வாங்கிக்கொண்டார். நான் கேட்காமலே ஒன்று சொன்னார். நீ சேர்ந்த புதிதில், யாரைப் பார்த்து இந்த எண்ணம் வந்தது என்று விசாரித்தார்களாம். நீ என்னைத்தான் சொன்னாயாம். "அப்பா முட்டி போட்டு ஜெபம் பண்ணி நான் பாத்ததில்ல மதர். ஒரே ஒரு தடவ முட்டி போட்டாரு" என்றாயாம்.

மகளே, அதை யாரும் பார்க்கவில்லை என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் நீ துண்டெடுக்கப் போயிருந்தபோது அண்ணன் கோபத்தில் என் முகத்தில் துப்பினார். நான் கையை ஓங்கிவிட்டு, உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு அவரை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனேன். தெருமுனை வரைதான் போக முடிந்தது. திரும்பி வந்து, ஈரத் தரையில் முட்டி போட்டு, அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "தப்புதான்ணே, மன்னிச்சிரு" என்று அழுதேன். அவர் என் தலையைத் தடவினார். அப்போது உனக்கு ஒன்பது வயது. கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாயா?

நான் மிகவும் வெட்கப்பட்ட நாள் அது. அதையா ஆண்டவர் எடுத்துக்கொண்டார்? அதை வைத்தா உன்னைக் கூப்பிட்டார்? ஆறு வருடமாக நான் தேடிய ஆள் நானேதானா? இன்னும் நம்ப முடியவில்லை. பட்டறையில் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறேன்.

உன்னைக் கூப்பிடட்டுமா என்று மதர் கேட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அப்போது வீம்பு எதுவும் இல்லை. தெரியாமல் பீடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டவன் போல எனக்குப் பயமாக இருந்தது.

வார்த்தைப்பாடு அன்று தாயும் தகப்பனும் மகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்க வேண்டுமாம். அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வர எப்படியும் ஓர் ஆள் வேண்டும். அதனால் நானும் வரலாமா என்று கேட்கிறேன். என் கை முழுவதும் தீப்பொறி பட்ட தழும்பு. எவ்வளவு தேய்த்தாலும் கறுப்பு போகாது. உன் வெள்ளை முக்காட்டில் கறை படாமல் பார்த்துக்கொள்கிறேன். எனக்காகக் கொஞ்சம் தலை குனிவாயா, அம்மா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா