மூத்த தாரம்

மார்ச் 2

அன்புள்ள என்னவருக்கு,

உங்கள் மூத்த தாரம் சௌக்கியமா? அந்தக் கம்ப்யூட்டர் ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாமே. எனக்கு ஒரு மூலை போதும்.

மாமாவுக்கு மூச்சுவாங்கல் அதிகமாகிவிட்டது. டாக்டர், "பையனை வரச் சொல்லும்மா, தள்ளிப் போடாதீங்க" என்று மறைக்காமல் சொல்லிவிட்டார். மாமாவோ அவரிடம், "என் பிள்ளை பக்கத்துல இல்லேன்னா மெஷின் நின்னுடும் டாக்டர்" என்று பெருமையடித்துக்கொள்கிறார். வாய்தான் அப்படி. உங்கள் அப்பாவுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், கண் அங்கேதான் போகிறது.

ரயிலில் ஓர் இரவுதானே? ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்.

உங்கள் இளைய தாரம்

---

மார்ச் 9

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் என் பாட்டையும் கேள். ரேடியோவுக்குள் இருக்குமே கண்ணாடி வால்வு, அதுபோல ஆயிரக்கணக்கில் இதற்குள் இருக்கின்றன. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் நாலைந்து பொசுங்கிவிடும். அதனால் அணைப்பதே இல்லை. ஓடும்போதும் எது எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போனதைக் கண்டுபிடித்து மாற்ற என்னை விட்டால் ஆளில்லை.

இப்போது ஓர் அணைக்கட்டின் கணக்கு ஓடுகிறது. மேலதிகாரி, "இது முடியட்டும்யா, நானே டிக்கெட் எடுத்துத் தர்றேன்" என்கிறார். மாதக் கடைசியில் கட்டாயம் வருவேன். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

உன்னவன்

---

மார்ச் 15

அன்புள்ள என்னவருக்கு,

சொன்னேன். "நான் சொல்லலை?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. சாயங்காலம் கஞ்சி கொடுக்கும்போது அவராகவே, "ஒரு நாள் அதை நிறுத்தினா என்ன ஆயிடும்? கேட்டுப் பாரேன்" என்றார். பிறகு, "வேணாம், எழுதிடாதே" என்றார். எழுதிவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. மாதக் கடைசி வரை தாங்காது. வாருங்கள்.

உங்கள் இளைய தாரம்

---

மார்ச் 21, தந்தி

அப்பா காலமானார். உடனே புறப்படவும்.

---

ஏப்ரல் 8

உங்களுக்கு,

எல்லாம் முடிந்தபின் நீங்கள் வந்து, அழுதுவிட்டு, திரும்பிப் போனீர்கள். மெஷினை விட்டு நகர முடியவில்லை என்றீர்கள். நான் உங்களுக்காகவும் சேர்த்து அழுதேன்.

நேற்று உங்கள் உதவியாளர் துக்கம் விசாரிக்க வந்தார். நல்ல மனுஷன், உங்களைப் புகழ்ந்துதான் சொன்னார்: "சார் மாதிரி ஒருத்தரைப் பார்க்க முடியாதும்மா. பெரியவர் தவறின அந்த வாரம் பூரா மெஷின் ஓடவே இல்லை. புது வால்வு வெளிநாட்டுலேர்ந்து வரணும். எங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, மேலதிகாரியே ஊருக்குப் போயிட்டார். சார் மட்டும் அது பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்திருந்தார்."

அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். பிறகு சமையலறையில் வெகுநேரம் நின்றேன். என் இரண்டாவது கடிதத்தையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்திருப்பீர்கள்.

நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாவி மாடி வீட்டில் இருக்கிறது. என்னைத் தேடி வர வேண்டாம்.

நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் அது நின்றுவிடும் என்று மாமா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அது நின்றுதான் கிடந்தது. அவருக்கு இது தெரியாமல் போனது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

இப்படிக்கு,
உங்கள் அப்பாவின் மருமகள்