உன் காணியும் சபையின் குப்பை லொறியும்

அன்பு மகள் ஸஃப்னாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், தோஹாவில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். உம்மாவின் முழங்கால் வலி குறைவுதான், ஆனால் மருந்தை ஒழுங்காகக் குடிப்பதாக அவள் சொல்வதை நான் நம்பவில்லை. போனில் கதைத்தால் இடையில் புகுந்துவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

கண்டக்குழியில் உன் பெயரில் இருக்கும் காணியைப் பிரதேச சபை கேட்கிறது. புதிய சபை எல்லாவற்றையும் திருத்தப் போகிறதாம், சபையும் ஹோட்டல்காரரும் மீனவர் சங்கமும் ஒன்றுசேர்ந்து குப்பையைப் பார்ப்பார்களாம், உன் காணியில் கொட்டில் போட்டுப் பிளாஸ்டிக்கையும் போத்தலையும் பிரித்து விற்பார்களாம், மிச்சத்தை இப்போது போலவே சபை காசு கொடுத்துப் பிடித்த கொந்தராத்து லொறி பாலாவிப் பக்கம் பசளை செய்யும் இடத்துக்குக் கொண்டுபோகுமாம். சொல்ல வந்தவள் நம் வட்டார உறுப்பினர் றோசா, கரையில் மீன் வாடி வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளை. மரியாதையாகத்தான் கதைத்தாள், எனக்கு அதுதான் சந்தேகம். கொழும்புக் குப்பையைப் புத்தளத்துக்குக் கொண்டுவந்தபோதும் மரியாதைக்குக் குறைவிருக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மறுநாள் பாலாவிக்குப் போகவேண்டும் என்று சொல்லி அந்த லொறியில் ஏறிக்கொண்டேன். பாதி வழியில் டிரைவர் களப்புப் பக்கம் திருப்பி, தண்ணீரோரக் கண்டல் பற்றைக்குள் பாதியைக் கொட்டினான். பிள்ளைகளின் பம்பஸ், ஹோட்டல் போத்தல், மீன் கழிவு எல்லாம் ஒன்றாக. கேட்டதற்கு, பாலாவி மட்டும் போக டீசல் காணாது, நீங்கள் பார்க்காத மாதிரி இருங்கள் என்றான்.

நேரே றோசாவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவுமில்லை, கோபப்படவுமில்லை, எந்த இடம் என்று மட்டும் கேட்டாள். இவளுக்கும் பங்கு இருக்கிறது என்று உம்மாவிடம் சொன்னேன். இரண்டொரு நாள் கழித்து விடியற்காலையில் அவளே வந்து கூப்பிட்டாள். அவள் புருஷனின் தோணியில் போய்க் கண்டலுக்குள் காத்திருந்தோம். எனக்கு அப்போதும் அவள் மேல்தான் கண். லொறி வந்தது, கொட்டத் தொடங்கியதும் றோசா இறங்கி முன்னால் போய் நின்றாள், சபைச் செயலாளரைப் போனில் அங்கேயே வரவழைத்து, கொட்டியதை லொறிக்காரர் கையாலேயே திரும்ப ஏற்றவைத்தாள். என் பக்கம் திரும்பி, "அண்டைக்கே நான் சத்தம் போட்டிருந்தா அவன் இண்டைக்கு வந்திருப்பானா, ஹிஸ்புல்லா நானா?" என்றாள்.

கொந்தராத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது சபையின் ட்ரெக்டர் போகிறது, அதைக் கண்காணிக்கும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். வினை அங்கேதான். அஸர் தொழுதுவிட்டு வரும்போது ஜபார் மச்சான் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "சபை உங்களுக்கு என்ன தந்த?" என்று கேட்டார். றோசாவை நான் பார்த்த அதே பார்வை. நாளைக்கு நீங்களும் ட்ரெக்டரில் ஏறிப் பாருங்கள் என்றேன். இன்னும் வரவில்லை, ஆனால் பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்தில் நிற்பதை விட்டுவிட்டார்.

காணி உன்னுடையது, முடிவும் உன்னுடையது. ஒரு வருஷத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று என் மனம் சொல்கிறது, ஆனால் கேற்றுச் சாவி என்னிடம்தான் இருக்கவேண்டும். காணி விஷயமாக யாராவது உன்னுடன் கதைத்தால், வாப்பா சம்மதித்துவிட்டார் என்று றோசாவே சொன்னாலும், எனக்கு ஒரு போன் கோல் எடுக்காமல் ஓம் சொல்லிவிடாதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும்.

உன் வாப்பா,
ஹிஸ்புல்லா